பெல்ட்டுக்குக் கீழே ஓர் ஆள்

என் அண்ணன் கலியமூர்த்தி எதைச் சொன்னாலும் அது நோவின் பேச்சு என்று எங்கள் வீட்டில் முடிவாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஒரு முறை பல் வலிக்கிறது என்றார். அண்ணி தமயந்தி, கடலூர் டாக்டர் எழுதிக்கொடுத்த வெள்ளை மாத்திரையில் பாதியைக் கூடுதலாகக் கொடுத்தாள். மறுநாளும் வலிக்கிறது என்றார். இன்னொரு பாதி. கன்னம் வீங்கி, வாயைத் திறக்க முடியாமல் போன பிறகுதான் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனோம்.

"இத்தன நாளா என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று அவர் கேட்டார்.

"மாத்திர குடுத்துகினுதான் இருந்தோம்" என்றாள் அண்ணி.

என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தப் பல்லையும் மனநோய்க் கணக்கில் சேர்த்து எங்களைத் திருப்பி அனுப்பியிருப்பார் என்று எனக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியது சரியா என்று இன்றுவரை தெரியவில்லை.

நான் கண்ணையன். அப்போது பகலில் சுரங்க டவுன்ஷிப்பின் தெருவிளக்குகளைப் பழுதுபார்க்கும் கான்ட்ராக்டரிடம் வேலை, சாயங்காலம் டிப்ளமோ வகுப்பு. அங்கே லேப் சார் எங்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருந்தார். கண்ணால் கண்டதை நோட்டின் இடப்பக்கம் எழுத வேண்டும், அதிலிருந்து நாமாக நினைத்துக்கொண்டதை வலப்பக்கம் எழுத வேண்டும். என் டைரியையும் நான் அப்படியே எழுதிவந்தேன். அண்ணனைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மட்டும் எதை எந்தப் பக்கம் எழுதுவது என்று குழம்பிவிடும்.

அண்ணன் சுரங்கத்தில் பெல்ட் ஆபரேட்டர். வெட்டிய கரியைச் சுமந்துகொண்டு மைல்கணக்கில் ஓடும் பெல்ட் அது. அதன் ஓரமாக நெடுக ஒரு கயிறு கட்டியிருக்கும். ஆபத்து என்றால் எவரும் அதை இழுக்கலாம், பெல்ட் நின்றுவிடும். ஆனால் நின்றால் அந்த லைன் முழுவதும் நிற்கும், மேலே இருக்கிறவர்கள் எல்லோருக்கும் பதில் சொல்ல வேண்டும். அதனால் யாரும் லேசில் இழுக்க மாட்டார்கள்.

எண்பத்தொன்றாம் வருஷம், மழைக்காலத்தில் அண்ணன் இழுத்தார். அந்த வாரம் ஆள் பற்றாக்குறை, அவர் ஷிப்டுக்கு மேல் ஷிப்டாக நின்று தூக்கமில்லாமல் இருந்தார். கீழே ஒரு ஆள் இருக்கிறான் என்று கத்திக்கொண்டே கயிற்றை இழுத்தார். எல்லோரும் ஓடிவந்து பார்த்தார்கள். கீழே ஆள் இல்லை. போர்மேன் நல்லசாமி ஆட்களை எண்ணச் சொன்னார். எண்ணிக்கை சரியாக இருந்தது. அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பார்த்தேன், கையை ஊன்றிக்கொண்டு தவழ்ந்துகொண்டிருந்தான் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். போர்மேனின் சட்டையைப் பிடித்தாராம். அன்றைக்கே ஜீப்பில் ஏற்றினார்கள். கடலூரில் தனியாக கிளினிக் வைத்திருந்த மனநல டாக்டர், சீட்டில் ஸ்கிசோஃப்ரினியா என்று எழுதினார். அந்த வார்த்தையை உச்சரிக்கத் தெரியாதவர்களும் எங்கள் பிளாக்கில் அதைப் புரிந்துகொண்டார்கள். அதன் பிறகு அண்ணனுக்கு மாதாமாதம் ஊசி, தினமும் மாத்திரை, டூல் ரூமில் லைட் டியூட்டி.

எண்பத்து மூன்றில் ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. லைட் டியூட்டியை இப்படியே நீட்டிக்க முடியாது. அதே டாக்டரிடம் சர்டிபிகேட் வாங்கிவர வேண்டும். வேலைக்குத் தகுதி என்று எழுதினால் அண்ணன் நீடிப்பார். தகுதியில்லை என்று எழுதினால் வேலை போய்விடும். அப்படிப் போனால் குடும்பத்தில் இன்னொருவருக்கு வேலை போட்டுக்கொடுப்பார்கள், குவார்ட்டர்ஸும் கைவிட்டுப் போகாது என்று பிளாக்கில் பேசிக்கொண்டார்கள். அண்ணனுக்கு இரண்டும் சின்னப் பெண்கள். மிச்சம் இருந்தது நான்.

இது தெரிந்த நாளிலிருந்து அண்ணன் என்னைப் பார்க்கும் பார்வை மாறிவிட்டதாக நினைத்தேன். ஊசி போட ஆரம்பித்ததிலிருந்தே அவர் முகம் விறைத்துப் போயிருந்தது. சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. ஆகவே மாறியது அவர் பார்வைதானா என்பதும் சந்தேகம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவர் சொன்னார்:

"டேய் கண்ணையா, ஒருத்தன் என் பின்னாலயே வந்துகினு இருக்கான்டா."

"யாருண்ணா?"

"தெரியல. டூல் ரூம வுட்டு சைக்கிள எடுத்தா அவனும் எடுக்கிறான். திரும்பிப் பாத்தா செயின் கழண்டுட்ட மாதிரி குனிஞ்சிக்கிறான். தெனமுமாடா ஒருத்தனுக்கு செயின் கழலும்?"

அண்ணி குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு மாத்திரை டப்பாவை எடுக்கப் போனாள்.

"பாத்தியா" என்றார் அண்ணன். "ஒரு ஆளு பின்னால வரான்னா ஒரு மாத்திர. ரெண்டு ஆளுன்னு சொல்லியிருந்தா ரெண்டு குடுத்திருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அண்ணி என்னை முறைத்தாள். "நீ வேற சிரிச்சிகினு... இப்டி சிரிச்சி சிரிச்சிதான் தம்பி முத்திப்போவுது."

அண்ணன் மாத்திரையை விழுங்கினார். டம்ளரைப் பிடித்த கை நடுங்கித் தண்ணீர் வேட்டியில் சிந்தியது. நடுக்கம் நோவினால் என்றாள் அண்ணி. ஊசி போட்ட மறுநாள் கூடுகிறது, அடுத்த ஊசி வருவதற்குள் குறைகிறது என்பது அண்ணனின் கணக்கு. அதையும் நோவின் பேச்சு என்றுதான் நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தோம்.

பின்னால் ஆள் வருவதாகச் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கு எனக்கு என்ன ஆதாரம் இருக்கிறது என்று யோசித்தபோது ஒன்றும் இல்லை. டாக்டர் எழுதிய அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. சரி, பார்த்துவிடலாம் என்று நினைத்தேன்.

என் வேலையில் ஒரு வசதி இருந்தது. விளக்குக் கம்பத்தில் ஏணி போட்டு ஏறி நிற்பவனை யாரும் அண்ணாந்து பார்க்க மாட்டார்கள். அந்த வாரம் சுரங்கத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்கு வரும் ரோட்டில் விளக்கு மாற்றும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் ஷிப்ட் விட்டதும் சைக்கிள்கள் கூட்டமாக வந்தன. கூட்டம் ஓய்ந்த பிறகு அண்ணன் தனியாக வந்தார். ஊசிக்குப் பிறகு அவரால் வேகமாக மிதிக்க முடியாது. கொஞ்ச தூரம் விட்டுப் பின்னால் ஒரு சைக்கிள் வந்தது. அண்ணன் நின்றார். அதுவும் நின்றது. ஓட்டிவந்த ஆள் குனிந்து செயினைத் தொட்டான்.

ஏணியிலேயே நின்று பார்த்தேன். அண்ணன் சொன்னது அப்படியே என் கண் முன்னால் நடந்துகொண்டிருந்தது.

அந்த ஆள் நிமிர்ந்தபோது முகம் தெரிந்தது. நிஜாமுதீன். அண்ணனோடு அதே பெல்ட்டில் வேலை பார்த்தவர், கூட்டாளி. பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குப் பிரியாணி அனுப்புகிறவர். ஒரு நாள் பார்த்ததை வைத்து முடிவுகட்டக் கூடாது என்று இன்னும் சில நாள் பார்த்தேன். அவர் குடியிருப்பது வடக்குத்து கிராமத்தில். எங்கள் பிளாக் அவருக்கு எதிர்த் திசை. அண்ணன் எங்கள் தெருவுக்குள் நுழைந்து சைக்கிளை நிறுத்தும் வரை முனையில் நின்றுவிட்டு, வந்த வழியே திரும்பிப் போனார். தினமும் அதே மாதிரி.

அடுத்த நாள் நான் முனையில் இருந்த டீக்கடையில் காத்திருந்தேன். என்னைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பாய், உங்க வூடு இந்தப் பக்கமா மாறிடுச்சா?" என்றேன்.

"டீ சாப்புடுறியா தம்பி?"

"செயின் இன்னிக்கும் கழண்டுச்சா?"

அவர் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "போர்மேன் சொன்னாரு தம்பி. மூணு மாசமா. அவன் வழியில என்னா பேசுறான், தனியா பேசிகினு போறானா, எங்கனா நிக்கிறானா, வூடு போயி சேர்ற வரைக்கும் ஒரு கண்ணு வெச்சிக்கன்னாரு. நான் முடியாதுன்னா வேற எவனையாவது போடுவாரு. அவன் ஒண்ணுக்கு ரெண்டா சொல்லுவான். நானா இருந்தா..."

"அண்ணன்கிட்ட சொல்லிட்டே கூடப் போயிருக்கலாமில்ல?"

"தெரியக் கூடாதுன்னுட்டாரு. தெரிஞ்சா சந்தேகப்படுவானாம். சந்தேகம் அந்த நோவுக்கு ஆவாதாம்."

எனக்குக் கோபம் வந்ததா சிரிப்பு வந்ததா என்று தெரியவில்லை. ஒருவேளை இவரும் எதையோ மறைக்கிறாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நீ என்ன இப்டி பாக்காத தம்பி" என்றார். "உங்க அண்ணிக்கும் தெரியும். அவங்களக் கேட்டுட்டுதான் ஆளு வெச்சாங்க."

எழுந்து போகப் பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்தார். குரலை இறக்கிக்கொண்டார்.

"இன்னொண்ணு. பெல்ட் நின்ன அன்னிக்கு ஆளுங்கள எண்ணுனாங்க இல்ல? உள்ள எறங்கறப்ப டோக்கன் மாட்டுற போர்டப் பாத்துதான் எண்ணுனாங்க. அதுல பர்மனென்ட் ஆளுங்க மட்டுந்தான். கீழ சிந்துன கரிய வாருறவனுங்கள்லாம் கான்ட்ராக்ட். அவனுங்க எத்தன பேருன்னு மேஸ்திரிக்கே சரியாத் தெரியாது. சுத்திப்போவ சோம்பேறித்தனப்பட்டு ஓடுற பெல்ட்டுக்குக் கீழயே பூந்து அந்தாண்ட போயிடுவானுங்க. மாட்டுனா வேல போயிடும்னு பயந்து ஓடியும் போயிருப்பான்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் அந்தக் கோடியில இருந்தேன். பாக்கல."

"இத அன்னிக்கே சொல்லலியா?"

"கலியன் போர்மேன் சட்டையப் புடிச்சிட்டான். அப்பறம் யாரு பேசுறது?"

நானும் கான்ட்ராக்ட் ஆள்தான். அன்று பெல்ட்டுக்குக் கீழே நான் தவழ்ந்திருந்தாலும் எண்ணிக்கை சரியாகத்தான் வந்திருக்கும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து அண்ணியிடம் நேரடியாகக் கேட்டேன். அவள் கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை.

"ஆமா, வெக்கச் சொன்னேன். வழியில லாரி கீரியில வுழுந்துட்டா யாரு பாக்குறது? நீ பாப்பியா?"

"அண்ணன் சொன்னது நிஜம்னு தெரிஞ்சும் மாத்திர குடுத்தீங்களே அண்ணி."

"அன்னிக்கு நிஜம். நாளைக்கு வேற எதுனா சொல்லுவாரு. எது நிஜம், எது நோவுன்னு நான் உக்காந்து பொறுக்கிகினு இருக்க முடியுமா தம்பி?" துணிகளை என் கையில் திணித்தாள். "போர்மேன்கிட்ட கேட்டேன். அன்ஃபிட்டுனு எழுதிக்குடுத்தா உனக்கு வேல கெடைக்குமாம். இவரு வூட்டோட பத்திரமா இருப்பாரு. மறுபடியும் அந்தப் பெல்ட்டுகிட்ட போவ வேணாம். ஏன், உனக்கு பர்மனென்ட் வேணாமா?"

வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.  துணிகளைக் கட்டிலில் போட்டுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டேன். வகுப்பில் சார் போர்டில் என்ன வரைந்தார் என்று கேட்டால் இப்போதும் சொல்ல முடியாது. அண்ணன் சொன்னது உண்மை என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று முடிவு செய்தேன். எனக்கு அதில் என்ன லாபம் என்று அண்ணன் யோசிப்பார். சொல்லாவிட்டால் எனக்கு என்ன லாபம் என்று நானே யோசித்தேன்.

அண்ணனிடம் நிஜாமுதீன் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். 

"பாய்தானா" என்றார். "வேற எவனோன்னு பயந்துகினு இருந்தேன்."

பிறகு, "டாக்டர் அன்ஃபிட்டுனு எழுதுனா உனக்கு நல்லதுதான்டா" என்றார். முகத்தைப் பார்த்தேன். வழக்கம்போல ஒன்றும் தெரியவில்லை.

கடலூர் கிளினிக்குக்கு மூன்று பேரும் போனோம். டாக்டர் கெட்டவர் இல்லை. நடுவயது, களைத்த கண்கள், மெல்லிய குரல். வெளியே பெஞ்சு முழுவதும் ஆட்கள் காத்திருந்தார்கள். அண்ணனின் பழைய சீட்டைப் பார்த்துவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

"எப்படி இருக்கீங்க கலியமூர்த்தி?"

"நல்லா இருக்கேன் சார். கைதான் நடுங்குது."

"அது இருக்கும்" என்று எழுதிக்கொண்டார். "அந்த பெல்ட் விஷயம். இப்பவும் அங்க ஒரு ஆள் இருந்தான்னுதான் நினைக்கிறீங்களா?"

 நான் சொல்ல நினைத்தவற்றை வரிசையாக மனப்பாடம் செய்து வந்திருந்தேன். எழுந்து நின்று சொன்னேன். டோக்கன் போர்டு, கான்ட்ராக்ட் ஆட்கள், மேஸ்திரி.

அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்த ஆளை நீங்க பாத்தீங்களா?"

"இல்ல சார்."

"வேற யாராவது?"

"அண்ணன் பாத்தார் சார்."

"அதைத்தான் நாம பேசிட்டிருக்கோம்" என்றார் டாக்டர். "சரி, யாரோ பின்னால வர்றதா சொல்றார்னு உங்க அண்ணி லெட்டர் எழுதியிருந்தாங்க. அது?"

"அது உண்மை சார். நானே பாத்தேன். கம்பத்து மேல ஏறி நின்னு பாத்தேன். பல நாள் பாத்தேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். முதல் தடவையாக என்னை முழுதாகப் பார்த்தார்.

"கம்பத்து மேல ஏறியா?"

"என் வேலையே அதுதான் சார்." என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. "அண்ணி, நீங்க சொல்லுங்க."

அண்ணி புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் சொன்னாள். "ஆமாங்க. ஆளு போட்டது நெஜந்தான். நாங்கதான் போட்டோம். இவருக்குத் தெரியாது."

டாக்டர் தலையசைத்தார். "நல்ல காரியம். அது கவனிப்பு. பாதுகாப்பு. ஆனா இவருக்கு அது தெரியாது இல்லையா? தெரியாமலே தன்னை ஒருத்தன் பின்தொடர்றான்னு நம்பினார். அதுதான் நோய்."

"திரும்பிப் பாத்தார், ஆள் இருந்தார், நம்பினார். இதுல நோய் எங்க சார்?"

"நீங்க என்ன படிக்கிறீங்க?"

"டிப்ளமோ. சாயங்கால வகுப்பு."

"பகல்ல வேலை, சாயங்காலம் படிப்பு. தூக்கம் எப்படி?"

"கம்மிதான் சார்."

"ராத்திரியில இந்த விஷயங்களையே நினைச்சுட்டிருப்பீங்களா?"

"எழுதிவெப்பேன் சார்."

"எதை எழுதுவீங்க?"

"கண்டது ஒரு பக்கம், நெனச்சது ஒரு பக்கம்..." சொல்லிக்கொண்டிருக்கும்போதே அது எப்படிக் கேட்கும் என்று எனக்குப் புரிந்துவிட்டது. நிறுத்திக்கொண்டேன். நிறுத்தியதையும் அவர் கவனித்தார்.

"அண்ணனுக்கு இது ஆரம்பிச்சப்ப என்ன வயசும்மா?" என்று அண்ணியிடம் கேட்டார். அண்ணி சொன்னாள். அவர் மறுபடி என்னைப் பார்த்தார். மிகவும் அன்பான பார்வை. "சில குடும்பங்கள்ல இது இருக்கும். பயப்பட ஒண்ணுமில்ல. சீக்கிரம் கவனிச்சா நல்லது." புதிய சீட்டு ஒன்றைத் தன் பக்கம் இழுத்தார். "உங்க பேர் என்ன?"

"சார்" என்றார் அண்ணன்.

எல்லோரும் திரும்பினோம்.

"அவன் சின்னப் பையன் சார். என்மேல இருக்கிற பாசத்துல பேசுறான். அவனுக்கு ஒண்ணும் இல்ல." அண்ணன் நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். நடுங்கும் கைகளைத் தொடைகளுக்கு அடியில் வைத்துக்கொண்டார். "பெல்ட்டுக்குக் கீழ யாரும் இல்ல சார். எனக்கு அப்ப அப்டி தோணுச்சு. தூக்கம் இல்லாம. இப்ப தோணல."

"பின்னால ஆள் வர்றது?"

"அதுவும் தோணுனதுதான் சார். ஊசி போட்டதுல இருந்து கொறஞ்சிடுச்சி."

டாக்டரின் முகம் மலர்ந்தது. பொய்யில்லாத மகிழ்ச்சி அது. "இதுதான். இதுக்காகத்தான் ரெண்டு வருஷமா காத்திட்டிருந்தேன். தனக்கு வந்தது நோய்னு நோயாளியே புரிஞ்சுக்கறதுதான் பெரிய முன்னேற்றம்." எனக்காக எடுத்த சீட்டை மறந்துவிட்டு சர்டிபிகேட்டை எழுதினார். எழுதும்போதே படித்துக்காட்டினார். நல்ல முன்னேற்றம். வேலைக்குத் தகுதி, டூல் ரூம் வேலை மட்டும். பெல்ட் கூடாது. மருந்து நன்றாக வேலை செய்வதால் ஊசியை நிறுத்தாமல் தொடர வேண்டும்.

"எவ்ளோ நாளைக்குங்க?" என்று அண்ணி கேட்டாள்.

"நிறுத்தினா அந்த ஆள் மறுபடியும் வந்துடுவான்மா" என்றார் டாக்டர். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

வேலை அண்ணனுக்கே நின்றது.  அதில் எனக்கு நிம்மதி என்று நினைக்கத்தான் ஆசை.

பஸ் ஸ்டாண்டில் அண்ணி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தபோது கேட்டேன். "ஏண்ணா அப்டி சொன்ன?"

"அவரு சீட்ட எடுத்துட்டாருடா. உன் பேரக் கேட்டுட்டாரு." அண்ணி வருகிறாளா என்று பார்த்துக்கொண்டார். "ஒரு தடவ எழுதிட்டாங்கன்னா அப்பறம் பல்லு வலிக்கும்போதுகூட நீ வாயத் தொறக்க முடியாது."

"பெல்ட்டுக்குக் கீழ இருந்த ஆளு?"

"செவப்புத் துண்டு கட்டியிருந்தான்" என்றார் அண்ணன். "நல்ல வேள, பெல்ட் நின்னுச்சி. அவன் எங்கனா இருப்பான். இருந்துட்டுப் போறான்."

அதற்குள் அண்ணி வந்துவிட்டாள். அவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். அண்ணியும் நானும் பின்னால்.  குறிஞ்சிப்பாடி தாண்டும் வரை அண்ணி இடையிடையே என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எதற்காவது சிரித்தால் பார்த்தாள், சிரிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாலும் பார்த்தாள். பிறகு என் கையை மெதுவாகத் தொட்டாள். அண்ணனுக்கு மாத்திரை கொடுக்கும்போது வரும் அதே குரலில் கேட்டாள்:

"ஏன் தம்பி, நீ ராத்திரியில சரியா தூங்குறியா?"

என்ன பதில் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன். முன் சீட்டிலிருந்து, திரும்பாமலே, அண்ணன் சொன்னார்:

"யோசிக்காதடா. நல்லா தூங்குறேன்னு உடனே சொல்லு."